214-ஆம் வில்லை

214. தங்கச் சுரங்கத்தின் கடைசி ஷிப்ட் முடிந்த அன்று வாசல் பலகையில் தொங்கிய ஒரு பித்தளை வில்லையின் எண். உள்ளே இறங்குகிறவன் தன் வில்லையைக் கழற்றிக்கொண்டு போவான். மேலே வந்ததும் மாட்டுவான். வில்லை தொங்கினால் ஆள் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம். 214 தொங்கியது. ஆள் வீடு வந்து சேரவில்லை. ஓடிப்போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டியது.

அவன் மனைவி இப்போது அதே சுரங்கத்தில் சல்லடை பிடிக்கிறாள். கம்பெனி பூட்டிவிட்டுப் போய் இருபத்தாறு வருஷம். கம்பெனிக்கும் பல நூற்றாண்டு முன்னால் யாரோ உளியால் குடைந்த பொந்து ஒன்று உள்ளே இருக்கிறது. தொல்லியல்காரர்கள் அதைத்தான் தோண்டுகிறார்கள். அவள் சலிக்கும் மண்ணில் பானை ஓடு, கரித்துண்டு வந்தால் தட்டுக்கு. கம்பெனிக் காலத்து ஆணி, பாட்டில் மூடியெல்லாம் கழிவு வாளிக்கு.

“சல்லடையக்கா கண்ணுல குண்டூசிகூடத் தப்பாது. புருஷன்தான் தப்பிச்சிட்டாரு” என்பாள் கூட வேலை செய்கிறவள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

செவ்வாய்க்கிழமை, பொந்துக்குள் சரிந்து கிடந்த பாறைகளின் ஓரத்து மண்ணில் ஒரு டிபன் மூடி வந்தது. நசுங்கிக் கறுத்திருந்தது. கழிவு வாளிப் பக்கம் போன கை பாதியில் நின்றது. உள்பக்கம் ஆணியால் குத்திய மூன்று புள்ளி, மூன்றாவது கோணல். அவன் டிபனுக்கு அடையாளமாக, சுத்தியல் நழுவிக் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு அவளே குத்தியது.

“மேடம், அந்தப் பாறைக்குப் பின்னாடி என் வீட்டுக்காரர் இருக்காரு.”

அகழாய்வை நடத்தும் அதிகாரிப் பெண்ணுக்குக் குரல் இறங்கிவிட்டது. “வில்லை தொங்குச்சேம்மா?”

அவள் நேரே கொழுந்தனின் சைக்கிள் கடைக்குப் போனாள். அண்ணனும் தம்பியும் ஜோடியாக இறங்கினவர்கள்.

“அன்னைக்கு ரெண்டு வில்லையும் நீதானே மாட்டின?”

தண்ணீரில் அமுக்கிய டியூபை அவன் எடுக்கவேயில்லை. குமிழி வந்துகொண்டே இருந்தது.

“பழைய பொந்துல தங்கம் ஏதாச்சும் கெடைக்குதான்னு கடைசியா ஒரு கை பாத்துட்டு வரேன், நீ மாட்டிடுன்னு கையில குடுத்தான், அண்ணி. வரிசையில நிக்க வேணாம்னு எல்லா ஜோடியும் அப்படித்தானே மாட்டுவோம்.”

“அப்புறம் ஓடிட்டான்னு ஊரே சொன்னப்ப?”

“பின்னாடியே வந்து எங்கயாவது போயிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன்.”

“நெனச்சுக்கிட்டே. நான்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்தேன். கிளம்பு. வந்து சொல்லு.”

வந்தான். சொன்னான். அதிகாரி மேலிடத்துக்குப் போன் மேல் போன் போட்டாள். பாறையை அசைத்தால் கூரை மொத்தமும் ஆட்கள் தலையில் இறங்கும், மழைக்கு முன் குழியை மூடு என்று பதில் வந்தது.

“ஒரு எலும்பாவது எடுத்துக் குடுங்க மேடம். நானே உள்ள போறேன். செத்தா என் தலையெழுத்து.”

“என்னால முடியாதும்மா.” மூடியைத் துடைத்து அவள் கையில் வைத்தாள் அதிகாரி. “இது எங்க கணக்குல வராது. நீங்களே வெச்சுக்கோங்க.”

தோண்டிய குழியைச் சலித்த மண்ணைக் கொண்டே மூடுவது அவர்கள் முறை. வெள்ளிக்கிழமை மூடுகிறார்கள். மண் சுமக்கிறவர்களில் அவளும் ஒருத்தி.