விரல் நீட்டாமல் வாங்கிய மீன்

கிளாடிஸுக்கு நாற்பத்து நான்கு வயது. அதில் நாற்பது வருடம் அவளுக்காக அடுத்தவர்கள்தான் பேசினார்கள். திக்குவாய். அதிலும் 'க' என்றால் தொண்டையிலேயே நின்றுவிடும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரோ அதே எழுத்தில் ஆரம்பிக்கிறது. யாராவது பேர் கேட்டால் தங்கை சான்ட்ரா முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். உதவியாம்! வாயிலிருக்கிற வார்த்தையைப் பிடுங்கிக்கொள்வதற்கு இந்த ஊரில் உதவி என்று பேர்.

சாந்தோமில் அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கிளாடிஸுக்குத் தேனாம்பேட்டையில் ஆபீஸ் வேலை. பேச வேண்டாம், கம்ப்யூட்டரில் தட்டினால் போதும். ஆசை ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மைக் முன்னால் நின்று பைபிள் வாசகம் வாசிக்க வேண்டும். அவளைப் பார்த்து உச்சுக் கொட்டிய அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பக்தியும் இருந்தது, வீம்புதான் அதிகம்.

வாசிப்பவர்கள் பட்டியல் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ராஜநாயகத்தின் கையில். மூன்று வருடம் சீட்டில் பேர் எழுதிக் கொடுத்தாள். மூன்று முறையும் அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதோடு சரி.

'உன்னால் முடியும்' என்று மேடையில் கத்துகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்கென்ன, வாய் வக்கணையாக வேலை செய்கிறது. அவள் பேசிப் பழக ஆரம்பித்தது நொச்சிக்குப்பத்து மீன் கடையில். அவளுக்குப் பிடித்தது கானாங்கத்தை. ஆனால் இத்தனை வருடமும் வாங்கியது சங்கரா, அந்தப் பேர்தான் வாயில் வரும். இல்லையென்றால் விரலை நீட்டிக் காட்டுவாள். ஒரு சனிக்கிழமை அந்தக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள்.

"கா… கா…"

"இன்னாம்மா, காக்காவ கூப்டுக்கினு கீற?" என்றாள் மீன்காரி. "எந்த மீனுன்னு கைய காட்டிட்டுப் போயேன். பின்னால ஆளு நிக்குது பாரு."

நின்ற ஆட்கள் சிரித்தார்கள். கிளாடிஸ் கையை எடுக்கவில்லை; வார்த்தையும் வரவில்லை. அன்றைக்கு வீட்டில் வெறும் ரசம். சான்ட்ரா கத்தித் தீர்த்தாள். கிளாடிஸ் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து, "அடுத்த வாரம் வாடி" என்று தன்னையே அதட்டினாள். மூன்றாவது சனிக்கிழமை கானாங்கத்தை முழுசாக வாயில் வந்தது.

பிறகு தினம் ஒரு வார்த்தை, பயந்த வார்த்தையாகப் பார்த்து. ஆட்டோவில் கச்சேரி ரோடு, மருந்துக் கடையில் களிம்பு. பாதி நாள் தோல்விதான். தோற்ற நாளெல்லாம் கண்ணாடியில் அதே அதட்டல். பதினோரு மாதம் போயிற்று.

அப்புறம் சீட்டு இல்லாமல் ராஜநாயகத்தின் முன்னால் போய் நின்றாள். பேரைச் சொல்லி, வாசிக்கணும் என்று சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆனது. அவர் வாட்ச்சைப் பார்த்தார்.

"ஆண்டவர் வார்த்தைக்கு ஒரு மரியாத இருக்கில்ல? எல்லார் முன்னாடியும் அசிங்கப்படணுமா?"

"எ… எழுதுங்க சார்."

ஒரு தடவை பட்டால்தான் புத்தி வரும் என்று எழுதிக்கொண்டார். நல்ல மனுஷன்!

அவள் முறை வந்த ஞாயிறு, நாலாவது வரியில் குரல் நின்றுவிட்டது. பின் வரிசையில் எவனோ களுக்கென்றான். சான்ட்ரா இரண்டாவது பெஞ்சிலிருந்து வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். ராஜநாயகம் விறுவிறுவென்று ஏறி வந்து புத்தகத்தின்மேல் கை வைத்தார்.

"க… க… கையை எடுங்க சார்."

மைக்கில் சொன்னாள். வாசலில் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தவன் வரைக்கும் கேட்டது. அவர் கையை எடுத்தார். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் வாசிப்பதை அவள் ஏழு நிமிடம் வாசித்தாள், ஒரு எழுத்து விடாமல். வாசகம் முடிந்தால் கோவில் முழுக்க ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும், அது முறை. முனகலாக வந்தது. அவள் நகராமல் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். ராஜநாயகமும் சொன்னார்.

"மானத்த வாங்கிட்ட" என்று சான்ட்ரா ஒரு வாரம் பேசவில்லை. அடுத்த மாதப் பட்டியலில் கிளாடிஸ் பேர் இல்லை. பூசை முடிந்ததும் நேரே ராஜநாயகத்திடம் போனாள். அவளைக் கண்டதுமே அவர் அவசரமாகப் பேனாவை எடுத்தார்.

"எ… என் பேரு கி… கி…"

"கிளாடிஸ், கிளாடிஸ். எழுதிட்டேன், போம்மா!"

அவள் போகவில்லை.

"நா… நான் இன்னும் சொல்லி முடிக்கல சார்" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.