சர்க்கரை மாத்திரைக்கு இரண்டாவது வேலை

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் அது பிறந்த வேலையைச் செய்ததில்லை. கார் கண்ணாடிகளைச் சுற்றிக்கொண்டு வந்த ஃபோம் எங்களுக்குத் தலையணை. எங்கோ வெளிநாட்டிலிருந்து இயந்திரத்தைச் சுமந்து வந்த மரப் பேலட்டை நாலு செங்கல் மேல் வைத்தால் கட்டில். பாதி உடைந்த கம்பெனி ஹெல்மெட்டில் கற்றாழை வளர்கிறது. மண்ணூர்ப் பக்கம் ஃபாக்டரிகள் வந்ததில் நிலம் விற்றவர்களுக்குக்கூட அம்மா அளவுக்கு மகிழ்ச்சி இருந்திருக்காது. ஃபாக்டரிக்காரர்கள் தூக்கிப்போட்டது எல்லாம் தனக்காகவே தூக்கிப்போட்டது என்று அம்மா நம்பினார்.

எனக்கு இது ஆகாது. நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு பாகம் சொன்ன அளவிலிருந்து ஒரு நூல் விலகினாலும் அதைச் சிவப்புத் தொட்டியில் போடுவதுதான் என் பிழைப்பு. என் அம்மாவின் உலகத்தில் சிவப்புத் தொட்டியே கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்களுக்கு நடுவில் மத்தியஸ்தம் செய்துவந்தவர் அப்பா. கம்பெனி பஸ் ஓட்டியவர். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஆட்களை ஏற்றி ஒரகடத்தில் ஷிஃப்டுக்கு இறக்கிவிட்டு, முந்தைய ஷிஃப்டை ஏற்றிக்கொண்டு திரும்புவார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலும் அதே வேலைதான். என் கோபத்தை இங்கே ஏற்றி அம்மாவிடம் இறக்குவார், அம்மாவின் புலம்பலை ஏற்றிக்கொண்டு என்னிடம் வருவார். வழியில் பாதியைக் கொட்டிவிடுவார் என்பதால்தான் குடும்பம் ஓடியது.

அந்தப் பாதியைத் தவிர மற்றதையும் அவர் மறக்க ஆரம்பித்தது எங்களுக்கு உடனே புரியவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சாப்பாடு கேட்பார். சட்டையைத் தேடுவார், சட்டை உடம்பில் இருக்கும். வயசாகிவிட்டது என்று சிரித்தோம். பிறகு ஒருநாள் காலை எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் திருநெல்வேலித் தம்பி போன் செய்தான்.

"அக்கா, ஐயா நம்ம கம்பெனி பஸ்ல ஏறி டிரைவர் சீட்ல உக்காந்துட்டாவ. எந்திரிக்க மாட்டேங்காவ. எல்லாருக்கும் ஷிப்டுக்கு நேரமாவுது, கொஞ்சம் வாங்களேன்."

ஓடினேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். அசல் டிரைவர் கீழே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இவுனுக்கு வண்டி ஓட்டத் தெரில," என்றார் அப்பா என்னிடம். "நானும் டெய்லி பாத்துகினுதான் கீறேன். கியர போட்டு அந்த அர அரைக்கிறான்."

பின் சீட்டுகளிலிருந்து பாதிப் பேர் அதை ஆமோதித்ததுதான் வேடிக்கை. அப்பாவை இறக்குவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. வீடு வரும் வழியில், தான் ஓய்வு பெற்றுவிட்டதாக யார் சொன்னது என்று என்னிடமே விசாரித்தார். அன்றைக்குத்தான் பயந்தேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து அல்சைமர் என்று பெயர் சொல்லி அனுப்பினார்கள். அதன்பிறகு ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வழக்கமான டாக்டரம்மாவிடமே காட்டிவந்தோம். எங்களுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அம்மாவின் சர்க்கரை, எல்லாவற்றுக்கும் அவர்தான். பொறுமைசாலி. அம்மாவிடம் அந்தப் பொறுமை எவ்வளவு ஆபத்தானது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அம்மா அவரிடம் சுற்றி வளைக்காமல் கேட்டார். "என்னையும் மறந்துடுவாரா, டாக்டரம்மா?"

டாக்டரம்மா கையிலிருந்த மருந்துச் சீட்டைக் கீழே வைத்தார். "போகப் போக மறக்கலாம்மா. எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது. இப்ப குடுக்கற மாத்திரை கொஞ்ச நாள் தாங்கிப் பிடிக்கும். குணப்படுத்தாது."

அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. டாக்டரம்மாவுக்கும் தாங்கவில்லை போல. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று ஆரம்பித்தார்.

"உலகம் முழுக்கத் தேடிக்கிட்டுதான் இருக்காங்கம்மா. புதுசா ஒரு மருந்து உண்டாக்கி வெளிய வர்றதுக்கு ரொம்ப வருஷம் ஆகும். அதனால ஏற்கெனவே வேற நோய்க்குக் குடுக்கற மருந்துகளையே எடுத்து, இது மூளைக்கும் உதவுமான்னு பாத்துக்கிட்டிருக்காங்க. சுகர் மருந்து, பிரஷர் மருந்து, இப்படி. இன்னும் எதுவும் உறுதியாகல. சிலது சரிப்படலன்னே தெரிஞ்சுபோச்சு. அதனால நாமளா எதுவும் செய்யக் கூடாது, சரியா?"

அம்மா 'சுகர் மருந்து' என்ற இடத்திலேயே இறங்கிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மிச்சத் தூரம் டாக்டரம்மா காலி வண்டிதான் ஓட்டியிருக்கிறார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அம்மா என் விலாவில் இடித்தார். "கேட்டியா? பழசுக்குப் புது வேல குடுக்குறாங்கோ. அவ்ளோ படிச்சவங்களே செய்றாங்கோ. நா செஞ்சா மட்டும் உனக்கு எளக்காரம்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தரம் பார்க்கிறவளுக்கு அது முடியாது. ஏற்கெனவே மனிதர்கள் விழுங்கிப் பழகிய மருந்து என்பதால், அது உடம்பை என்ன செய்யும் என்பது ஓரளவு தெரியும், அதனால் கொஞ்சம் வேலை மிச்சம், அவ்வளவுதான் என்றேன். ஆனால் பல பேருக்குக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பலன் உண்டா இல்லையா என்று தெரியும். ஒரு காருக்குச் செய்த போல்ட்டை இன்னொரு காரில் மாட்டுவதற்கு முன்னால் நாங்கள் ஓட்டிப் பார்ப்போம், ஓட்டிப் பார்க்காமல் எதையும் வெளியே விடமாட்டோம் என்று என் கம்பெனி ஞானத்தையும் சேர்த்துவிட்டேன்.

"ஆமா," என்றார் அம்மா. "ஓட்டிப் பாத்தாதான தெரியும்."

முதல் முறையாக என் பேச்சுக்குத் தலையாட்டுகிறாரே என்று நான் பூரித்துப்போனேன்.

இங்கே எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மாத்திரையும் ஊறுகாய் மாதிரிதான். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டாலும் கொடுப்பார்கள். "மூட்டு வலியா? இந்தா, எனக்குக் குட்த்தது கீது, நல்லா கேக்குது" என்று சுவருக்கு மேலே கை நீளும். எந்த டாக்டர் யாருக்கு எதற்கு எழுதினார் என்று யாரும் கேட்பதில்லை. வாங்கிக்கொள்ளாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். இந்த ஊரில் வளர்ந்த எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா குதூகலமாகிவிட்டார். தினமும் காலை இட்லித் தட்டோடு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து பரீட்சை வைப்பார்.

"இன்னிக்கி இன்னா கெழம?"

"நேத்திக்கி அடுத்த கெழம."

"நேத்து இன்னா கொழம்பு?"

"நீ எப்பவும் வெக்கிற கொழம்புதான். மாத்தி வெச்சாதான ஞாபகம் கீறதுக்கு?"

"என் பேரு இன்னா?"

"இன்னாத்துக்குப் பேரு? நாந்தான் கூப்புடவே மாட்டனே, நீயேதான வர்ற."

இதற்கெல்லாம் அம்மா முழு மதிப்பெண் கொடுத்தார். இதையெல்லாம் பதில் என்று ஒத்துக்கொள்ள முடியாது என்று நான் சொன்னால், "உன்னாட்டம் ஒரு ஆளு செவுத்துல கீற ஆணியக்கூட ரிஜெக்ட் பண்ணிடுவ" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்புக்கும் அம்மா தனியாக மதிப்பெண் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

உண்மையில் அப்பா முன்பைவிட மோசமாகத்தான் இருந்தார். முற்பகலில் கை நடுங்கும். முகமெல்லாம் வேர்வை. இப்போதுதானே சாப்பிட்டார் என்று பார்த்தால், பசி பசி என்று சமையலறை டப்பாக்களை உருட்டி வெல்லத்தை வாயில் போட்டுக்கொள்வார். வெயில் என்றேன் நான். மருந்து உள்ளே வேலை செய்கிறது என்றார் அம்மா. அவர் டாக்டரம்மா எழுதிய மாத்திரையைத்தான் சொல்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன். அந்த வெல்லம்தான் அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

அம்மாவும் மாறிக்கொண்டிருந்தார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். படியேறினால் மூச்சு வாங்கியது. துணி துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து தூங்கினார். கேட்டால், "உங்கப்பன மேய்க்கிறவளுக்குத் தெரியும்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். ஒருநாள் நான் ஷிஃப்டுக்குக் கிளம்பி வாசலைத் தாண்டும்போது பின்னால் குடம் உருண்ட சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மா குழாயடியில் சரிந்து கிடந்தார்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். அப்பாவைத் தனியே விட முடியாது என்று அவரையும் ஏற்றிக்கொண்டேன். வழி முழுக்க அவர் ஆட்டோக்காரருக்குப் பள்ளம் மேடு சொல்லிக்கொண்டே வந்தார். அதில் ஒன்றுகூடத் தப்பாக இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கட்டிலில் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். அம்மா கண் விழித்ததும் டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?"

"போடாம? அட்டைய வந்து பாருங்கோ, ஒண்ணுகூட மிச்சம் கெடையாது. இதோ, எம்பொண்ணுதான் வாங்கியாருது, அத்த கேளுங்கோ."

நான் தலையாட்டினேன். அட்டை காலியாகிறது, நான் வாங்கி வருகிறேன், கணக்கு சரியாக இருக்கிறது. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். அப்படியானால் மாத்திரை போதவில்லை, இன்னும் வீரியமானதாக மாற்ற வேண்டும் என்று நர்ஸிடம் சொல்ல ஆரம்பித்தார்.

"அது முழுசு போடறதில்லையே," என்றார் அப்பா.

கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"பாதி எனக்குக் குடுக்குது. டெய்லி காத்தால பாக்குவெட்டில வெட்டி, பாதி அது போட்டுக்கும், பாதி எனக்கு. வாழப்பழத்துல வெச்சு குடுக்கும்." அப்பா கொஞ்சம் யோசித்தார். "யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லிச்சு. அத்தொட்டுதான் இத்தினி நாளா நா சொல்லல."

அம்மாவின் கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது. கூடுதலாக வாங்கினால் எனக்குத் தெரிந்துவிடும், அதனால் தன் பங்கில் பாதி. ஐந்து நிமிஷத்தில் மறந்துபோகிறவரைவிட ரகசியம் சொல்ல நம்பகமான ஆள் கிடைப்பாரா?

அம்மா பிடிபட்டவர் மாதிரியே இல்லை. டிரிப்ஸ் ஊசி குத்திய கையைத் தூக்கி அப்பாவைக் காட்டினார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா டாக்டரம்மா? ஞாபகம் வந்துச்சு பாத்தீங்களா? வாழப்பழம் மொதக்கொண்டு சொல்றாரு. மருந்து வேல செய்தா இல்லியா, சொல்லுங்கோ."

எனக்கு ஆத்திரம் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம். நர்ஸ் வெளிப்படையாகவே சிரித்துவிட்டார். ரகசியத்தை உடைத்ததற்காக ஒரு மனைவி புருஷனைப் பார்த்து இப்படிப் பெருமைப்பட்டதை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன்னால் பார்த்திருக்காது.

டாக்டரம்மா இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி நடப்பது சில சமயம் இந்த நோய் உள்ளவர்கள் மனதில் தங்கும், அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. ஆராய்ச்சியில் சோதித்துப் பார்க்கிற சர்க்கரை மருந்துகள் வேறு, அம்மா போடுவது வேறு.

"சர்க்கரை இல்லாதவருக்கு நீங்க போடற மாத்திரையைக் குடுத்தா, ரத்தத்துல இருக்கற சர்க்கரை அடியோட எறங்கிடும்மா. நடுக்கம், வேர்வை, பசி எல்லாம் அதனாலதான். ஒருநாள் நினைவு தப்பி விழுந்திருப்பாரு. எந்த மூளையைக் காப்பாத்தணும்னு நீங்க குடுத்தீங்களோ, அந்த மூளையே கெட்டுப்போயிருக்கும்."

அம்மாவின் கை மெல்லக் கீழே இறங்கியது. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நர்ஸிடம், இந்த வண்டி எப்போது எடுப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. அதுவரை ஆத்திரத்தில் இருந்த எனக்கு அவர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. சொல்லத் தெரியாமல் போர்வையை இழுத்துவிட்டேன்.

அப்பாவுக்கு விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸ் கலந்து குடிக்கக் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறது, இன்னொன்று கொடுங்கள் என்றார்.

"இனிமே குடுக்கமாட்டன், டாக்டரம்மா," என்றார் அம்மா. "சத்தியமா. ஆனா அவங்கோ நெஜமாவே ஒண்ணு கண்டுபுடிச்சா எனக்கு சொல்லுவீங்களா?"

"கண்டிப்பா சொல்றேம்மா."

"கொஞ்சம் சீக்கிரமா கண்டுபுடிக்கச் சொல்லுங்கோ. இவரு என்னத் தெரியாமப் போனதுக்கு அப்பறம் வந்தா, அது எனக்கு இன்னாத்துக்கு?"

டாக்டரம்மா எழுந்தார். டிரிப்ஸ் சரியாக இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல் குழாயை விரலால் சுண்டினார்.