பக்கத்து மேசைக்காரர் கேட்ட அர்த்தம்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பனியன் வாங்கும் ஒரு வெளிநாட்டு பையரை இருவர் கவனித்துக்கொண்டோம்: மெயிலுக்கு நான், உற்பத்திக்குப் பக்கத்து மேசைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். துணியைத் தொட்டே எடை சொல்லிவிடுவார். ஆங்கில மரபுத்தொடர்களில் மட்டும் தடுமாறுவார். புரியாத மெயிலை அப்படியே எனக்கு ஃபார்வர்டு செய்வார். மேலே ஒரே சொல் இருக்கும்: ‘அர்த்தம்?’ மூன்று வருடப் பழக்கம்.

‘டிராப் த பால்’ என்ற தொடர் வந்த அன்று டீ குடித்தபடி விளக்கினேன். பந்தைத் தவறவிடுவது, அதாவது தன் பொறுப்பில் இருந்த வேலையைக் கோட்டை விடுவது என்றேன்.

“அப்டிப் பாத்தா நம்ம ஆபீசுல பாதிப் பேரு கையில பந்தே நிக்காதுங்க அம்மிணி” என்றார். சிரித்தேன்.

அடுத்த மாதம் ஒரு நீல நிற ஆர்டர். சாய மாதிரிக்கு பையரின் ஒப்புதல் வரவில்லை. நான் தடுத்தும், பக்கத்து மேசைக்காரர் சாயப்பட்டறைக்கு போன் செய்து துணிக்குச் சாயம் ஏற்றச் சொன்னார். நிறம் மாறி வந்தது. பையருக்குத் தானே விளக்கம் எழுதுவதாகச் சொன்னார். மூத்தவர் பழியை ஏற்றுக்கொள்கிறார் என்று நம்பி விட்டுவிட்டேன்.

மறுநாள் அவரிடமிருந்து மெயில். ‘அர்த்தம்?’ அதன் கீழே பையரின் இரண்டு வரிப் பதில். அதற்கும் கீழே, அழிக்கப்படாமல், அவர் எழுதியது: ஒப்புதல் வந்துவிட்டதாக அவரிடம் சொன்னது நானாம், பந்தைத் தவறவிட்டதும் நானாம். தொடரைப் பிசகில்லாமல் பயன்படுத்தியிருந்தார்.

“கோவமா எழுதிருக்கானுங்களா?” என்று எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“இல்லீங்ணா. மறைக்காம சொன்னதுக்கு உங்களுக்கு நன்றின்னு எழுதிருக்காரு.”

அவர் முகம் தெளிந்தது. “ரெண்டாவது வரி?”

“இனிமே மெயில் எல்லாம் உங்களுக்கு மட்டுந்தானாம், எந்த விசயத்தையும் எனக்குத் தெரியப்படுத்த மாட்டாராம்.”

தன் திரையைக் கீழே நகர்த்தினார். தான் எழுதியது கண்ணில் பட்டதும் விரல் நின்றது. டீ வந்தது. எனக்கு ஒன்று எடுத்து வைத்தார், எப்போதும் போல.

முதலாளியிடம் அந்த மெயிலைக் காட்டினேன். முழுதும் படித்தார். “பையர்கிட்ட இனி மாத்திச் சொன்னா கம்பெனிக்குத்தான் அசிங்கமுங்க அம்மிணி” என்றார்.

அந்த வாரமே பையரின் மெயில்கள் எனக்கு வருவது நின்றது. பக்கத்து மேசைக்காரரும் என்னிடம் அர்த்தம் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.