போர்வோவில் எடுத்த படம்

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கென்று மகள் தன் சம்பளத்தில் எங்கள் இருவரையும் பின்லாந்துக்கு அனுப்பிவைத்தாள். ஏன் பின்லாந்து என்று கேட்காதீர்கள். ரிக்கெற் மலிவாம். அவள் ரிக்கெற் எடுத்த கிழமைதான் என் கணவர் ரொறன்ரோவில், எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக் குசினியில் நின்று, தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, தான் தனியாகப் போய் இருக்க விரும்புவதாகச் சொன்னார். சண்டை இல்லை. வேறு பெண்ணும் இல்லை. "எனக்கு இதில இனி ஒண்டும் இல்லையப்பா," என்றார். இது என்றது எங்கள் கலியாணத்தை. கோப்பையை மட்டும் நன்றாகக் கழுவி வைத்தார்.

மகளிடம் இதை எப்படிச் சொல்வது? எங்களோடேயே இருக்கும் மாமியிடம், அவரைப் பெற்ற தாயிடம், எப்படிச் சொல்வது? பயணம் முடியட்டும் என்று இருவரும் வாயை மூடிக்கொண்டோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை. ஊர் மாறினால் மனமும் மாறாதா? வெட்கமில்லாமல் ஒரு புதுச் சிவப்பு ஜாக்கெற்றும் வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

ஹெல்சின்கியில் இருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போனால் போர்வோ என்ற பழைய ஊர். ஆற்றங்கரையில் செங்காவி பூசிய மரக் களஞ்சியங்கள். மேட்டில் ஒரு தேவாலயம். அதற்கு ஏறிப்போகும் ஒழுங்கைகளில் உருண்டைக் கற்கள் பதித்திருந்தார்கள். பார்க்க வடிவுதான், என் முழங்காலுக்குத்தான் பிடிக்கவில்லை. பாதி ஏற்றத்தில் தடுமாறினேன். முன்னால் போன என் கணவர் திரும்பிப் பார்த்து, கையை நீட்டினார்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் கையைப் பிடித்தேன். மேலே போய்ச் சேரும்வரை அவர் விடவில்லை. வழியில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

தேவாலய வாசலில் ஒரு முதியவர் எங்களைப் படம் எடுத்துத் தரவா என்று சைகை காட்டினார். இன்னும் கிட்ட நில்லுங்கள் என்று கையாலேயே நெருக்கிக் காட்டினார். என் கணவர் என் தோளில் கை போட்டார். நான் சிரித்தேன். நடிக்கவில்லை, உண்மையாகவே சிரித்தேன். அந்த இடத்திலேயே படத்தை மகளுக்கு அனுப்பினேன்.

இறங்கி வந்து ஆற்றங்கரையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து கோப்பி குடித்தோம். துணிவை வரவழைத்துக் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, உங்கட மனம் மாறிட்டுதோ?"

அவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீர் விழுந்திடுவீர் எண்டுதான் கையைத் தந்தனான்," என்றார். பிறகு, "குறை நினையாதையும்."

குறை நினைக்காமல் வேறென்ன நினைக்கிறதாம்? பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் ஒரு ரிசூக் கடதாசியை நீட்டினார். அதையும் வாங்கித் துடைத்தேன்.

ரொறன்ரோவில் வந்து இறங்கும்போது அந்தப் படம் சொந்தக்காரர் எல்லாருடைய போனிலும் இருந்தது. நேற்றுக் கட்டின சோடி மாதிரி இருக்கிறார்களாம். மாமிக்குப் பயம் பிடித்துவிட்டது.

"ஊர்க்கண் முழுக்க என்ர பிள்ளையளில பட்டுப்போச்சு," என்று எங்கள் இருவரையும் சோபாவில் ஒன்றாக இருத்தினார். உப்பையும் செத்தல் மிளகாயையும் கையில் பொத்தி, இரண்டு தலைகளையும் சேர்த்துச் சுற்றி நாவூறு கழித்தார். அந்த மிளகாயை அடுப்பில் போட்டால் நெடி அடிக்கவேண்டும். அடிக்காவிட்டால், கண் பலமாகப் பட்டிருக்கிறது, அது இப்போது எரிந்து போகிறது என்பது மாமியின் கணக்கு. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அன்றைக்கோ கண்ணை மூடிக்கொண்டு மன்றாடினேன். யாருடைய கண்ணோ பட்டுத்தான் இவருக்கு இப்படி, எல்லாம் எரிந்து போகட்டும் என்று.

மிளகாய் கருகியது. நெடியே இல்லை. ஒருவரும் இருமவில்லை.

"பாத்தியளோ, எவ்வளவு கண் பட்டிருக்கு. இனி ஒண்டுக்கும் பயமில்லை," என்று மாமி பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன்.

பின்லாந்தில் இருந்து கொண்டுவந்த பெட்டியை என் கணவர் திறக்கவே இல்லை. அந்தச் சனிக்கிழமை அதை அப்படியே காரில் ஏற்றினார். "அம்மாவைப் பாத்துக்கொள்ளும்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பொறுப்பான மனிதர், என்ன.

மாமி மகனோடு போகவில்லை. "நான் என்ர மருமோளோட இருக்கிறன்," என்று சொல்லிவிட்டார். இன்னும் கொஞ்சக் கண் மிச்சம் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமைகளில் என்னைத் தனியாகச் சோபாவில் இருத்தி மிளகாய் சுற்றுகிறார். அடுப்பில் போட்ட உடனே நெடி வீடு முழுக்க ஏறுகிறது. நெருப்பு அலாரம் கத்துகிறது. நானும் மாமியும் இருமி இருமிக் களைத்துப்போகிறோம்.

என்மேல் இப்போது ஒருவருடைய கண்ணும் இல்லை. அது மாமிக்கும் தெரியும். போன வெள்ளிக்கிழமை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பாராமல் சொன்னார்:

"உந்த மிளகாய் சரியில்லைப் பிள்ளை. அடுத்தமுறை அஜின்கோர்ட் கடையில வாங்குவம்."

"ஓம் மாமி," என்றேன்.