மாவில் செய்த முருகேசு

மைதா மாவையும் வெள்ளைப் பசையையும் சேர்த்துப் பிசைந்தால் ஒரு புளித்த வாசனை வரும். மாவு ஒட்டாமலிருக்கக் கையில் தடவிய தேங்காயெண்ணெய் வாடையும் அதோடு சேர்ந்துகொள்ள, எண்பதுகளின் தொடக்கத்தில் செந்துறையில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தவர்களெல்லாம் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. ஏதோ ஒரு பெண்கள் பத்திரிகையில் செய்முறை பார்த்து, பூச்சி அரிக்காமலிருக்க வயலுக்கு வாங்கிய ‘மயில்துத்தம்’ என்ற நீல உப்பில் ஒரு சிட்டிகை கலந்து, தோடும் ஜிமிக்கியும் பாசிமணியும் உருட்டி, காயவைத்து வர்ணம் பூசி, தோழிகள் காதிலெல்லாம் மாட்டிவிட்டேன். “சோத்துக்கு ஆவுற மாவக் காதுல மாட்டிக்கிட்டுத் திரியுதுங்க பாரு” என்று திட்டிய அம்மாவே, செட்டிகுளம் கோயிலுக்கு என் ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு போனாள்.

நகை சலித்துப்போய் ஆடு, கோழி, மனிதர் என்று பொம்மை செய்யத் தொடங்கியபோதுதான் அடுத்த வீட்டுச் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. அவளுடைய ஒரே பிள்ளை முருகேசு மூன்று வயதில் காய்ச்சல் கண்டு இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. “சின்னப் புள்ளையப் படம் புடிச்சா ஆயுசு கொறையும்” என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு அவனை ஒரு படம்கூட எடுக்காமல் விட்டிருந்தார்கள். ஆயுசு என்ன ஆயிற்று என்று அந்தப் பெரியவர்களை யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் அந்தக் கோபம் உண்டு.

“பாப்பா, எம்புள்ள மொகம் எனக்கு வரவர மறந்துபோவுது. நீ செஞ்சு குடு” என்றாள் சித்தி.

தலையை உருட்டிக் கண் வைத்தேன். மூக்கில் வந்தது வினை. முருகேசுக்குத் தன் அண்ணன் மூக்கு என்றாள் சித்தி. இல்லை, தன் அம்மாவின் மூக்கு என்றார் சித்தப்பா. ஐந்து முறை பிய்த்து ஐந்து முறை வைத்தேன். “பெத்தவளுக்கே தெரியலன்னா வேற யாருக்குடி தெரியும்?” என்று அவர் கத்த, சித்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். மிச்சமிருந்த முகத்தையும் நானே அழித்துவிட்டேனோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள் பழைய தலையை நசுக்கிவிட்டு, அவன் எப்படித் தூங்குவான் என்பதை மட்டும் செய்தேன். முகத்தைப் பாயில் அழுத்திக் குப்புறப்படுத்து, முழங்காலை மடக்கி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு கிடப்பான். இடியாப்ப இழை போல மாவைத் திரித்துக் கறுப்பு பூசி அரைஞாண் கட்டி, அதில் ஒரு தாயத்தும் தொங்கவிட்டேன்.

சித்தி ஒற்றை விரலால் அந்த முதுகைத் தடவினாள். சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

“இப்புடித்தான் கெடப்பான்” என்றார்.

“ஆமாங்க. பெரட்டிப் போட்டா மறுபடி குப்புறத்தான் திரும்பிக்குவான்” என்றாள் சித்தி. அதன்பின் இருவரும் வெகுநேரம் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது பெரம்பலூரில் இருக்கிறேன். பாலிமர் களிமண் தபாலில் வருகிறது. மின்சார ஓவனில் வைத்து எடுத்தால் கல்லாகிவிடுகிறது. பொம்மை கேட்பவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளின் படத்தைப் போனில் அனுப்புகிறார்கள், கன்னக்குழி வரைக்கும் அப்படியே செய்து தருகிறேன். சித்தியும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. அந்த வீட்டை இடித்துவிட்டார்கள், பொம்மை எங்கே போனதோ. முருகேசுவின் முகம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். எனக்கும் அந்த முதுகு மட்டும்தான் நினைவிருக்கிறது.