அக்கா பிரித்துச் சொன்ன நீளச் சொற்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், எங்கள் அக்கா தட்டச்சு செய்த ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் ஒருநாள் கையில் வாங்கியிருப்பீர்கள். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது.

அக்கா பிள்ளையார்பாளையத்தில் பிறந்தார். அப்பாவால் தறியில் உட்கார முடியாமல் போனபோது, பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும் முடித்த கையோடு பெரிய காஞ்சிபுரத்துப் பரிசோதனை நிலையம் ஒன்றில் சேர்ந்தார். தமிழ் வழியில் படித்தவர். முதல் வாரமே ‘ஹைப்பர்’ என்பதை ‘ஹைப்போ’ என்று அடித்துவிட்டார். கூடுதல் குறைவாகிவிட்டது. டாக்டர் பார்த்துத் திருத்தியும் அக்கா அன்று சாப்பிடவில்லை.

“அர்த்தம் தெரியாம இனிமே ஒரு எழுத்துகூட அடிக்க மாட்டேன்பா” என்றார் என்னிடம்.

பழைய மருத்துவ அகராதி ஒன்றை வாங்கி வந்தார். வாய்க்குள் நுழையாத சொற்களை அவர் பிரித்து வைக்க வைக்க, நான் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன்.

ஒருமுறை பக்கத்துத் தெருவில் பட்டுக்கடை வைத்திருக்கும் பாய், வேறோர் ஊரில் எடுத்த அறிக்கையோடு ஓடி வந்தார். அவர் மருமகளுக்குப் பிரசவ நேரம்.

“பிளேட்லெட் ரொம்பக் கம்மியாம்மா. கீழ பெரிசா ஏதோ வியாதி பேரு வேற போட்டிருக்குது. பொண்ணு அழுதுக்கினே இருக்குது.”

சூடோத்ராம்போசைட்டோபீனியா. அக்கா அதன்மேல் விரலை வைத்தார்.

“பயப்படாதீங்க பாய். ‘பீனியா’ன்னா குறைவு. ஆனா முன்னாடி ‘சூடோ’ன்னு இருக்குது பாருங்க, பொய்னு அர்த்தம். குறைவு மாதிரி சும்மா தெரியுதோன்னு சந்தேகப்படுறாங்க. வேற டியூப்ல ரத்தம் எடுத்துப் பாக்கலாமான்னு டாக்டரைக் கேப்போம், வாங்க.”

அக்காவும் கூடவே நடந்தார். டாக்டர் மறுபடி பார்க்கச் சொன்னார். முதல் குழாயில் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் எண்ணிக்கை குறைந்து தெரிந்திருக்கிறது. அந்த வாரமே சுகப்பிரசவம்.

“எத்தினி எழுத்தும்மா அது?” என்று பாய் பிறகு கேட்டார்.

“இங்கிலீஷ்ல இருபத்திரண்டு. மொத ஆறுதான் முக்கியம்” என்று அக்கா சிரித்தார்.

மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு அக்காவின் அறிக்கையிலேயே ஒரு நீளச் சொல் வந்தது. சோலாஞ்சியோகார்சினோமா. டாக்டர் தயங்கினார்.

“சார், ‘சோலே’ பித்தம், ‘ஆஞ்சியோ’ குழாய். மீதியும் தெரியும். தம்பிக்கு மட்டும் நீங்க சொல்லிடுங்க. நான் சொன்னா தாங்க மாட்டான்.”

நான் தாங்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது அக்காதான்.

கடைசி வரை புற்றுநோய் வலி தணித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், மாறி மாறி உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த நாட்களிலும் அறிக்கையை நீட்டி அர்த்தம் கேட்க வந்தவர்களுக்குத் தனி நன்றி. நீங்கள் வந்தபோதெல்லாம் அக்கா எழுந்து உட்கார்ந்தார்.