அத்தாயி வெட்டிய பிரேக் கயிறு

அத்தாயி அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். எந்தக் கேள்விக்கும் ஒரே பதில் அவளிடம் கிடைக்காது. டீ வேணுமாக்கா என்று கேட்டால்கூட, காலையில் குடித்தோமா இல்லையா என்று கொஞ்ச நேரம் யோசிப்பாள். டீ ஆறிப்போகும். அப்புறம் இன்னொரு டீ வாங்க என்னைத்தான் அனுப்புவாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. பனமரத்துப்பட்டியைத் தாண்டி ஒரு தனியார் ஓடுதளம் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் ஆட்கள் வந்து, நல்லாப் பறந்துகொண்டிருக்கிற விமானத்திலிருந்து கீழே குதிப்பார்கள். ஏன் குதிக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். காற்று தள்ளிவிட்டு யாராவது மரவள்ளிக் காட்டில் இறங்கினால், ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வருவது என் வேலை. செடி ஒடிந்ததற்குக் காட்டுக்காரர் திட்டுவதை வாங்கிக்கொள்வதும் என் வேலைதான். அக்காவுக்குப் பாராசூட்டை மடிப்பதும், அதன் கயிறுகளைத் தைப்பதும் வேலை.

அதற்கு முன்னால் அவள் ராசிபுரத்தில் விசைத்தறிக் கூடங்களுக்கு அச்சு பிணைக்கப் போய்க்கொண்டிருந்தாள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீர்ந்ததும், புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழையோடு முடிச்சிட வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தே உட்கார வேண்டும். முடிச்சுப் போடும் இயந்திரம் வந்தபோது ஊரில் பலர் வருத்தப்பட்டார்கள். இவள் வருத்தப்படவில்லை, இடுப்பு பிழைத்தது என்றாள். அவள் மகள் பிரீத்தி அப்போதுதான் கல்லூரி முடித்து, எங்கள் ஓடுதளத்தில் வருகிறவர்களின் பெயர் பதியும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கயிறு தைக்க ஆள் வேண்டும் என்றதும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதோடு நின்றிருக்கலாம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் குதிப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. பயிற்சியாளர் தனசேகர் சாரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, தனியாகக் குதிக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

மகள் மேலே போகும்போதெல்லாம் அக்கா பாராசூட் மடிக்கிற கூடாரத்துக்குள் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லலாமா கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

கயிறு சமாசாரத்தைச் சார் எங்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். டாக்ரான் என்று ஒன்று, தடிமனாக இருக்கும். நாள்பட நாள்பட நீளும். அந்த நெகிழ்ச்சியால் பாராசூட்டின் குடை விரியும்போது உடம்புக்கு உதறல் குறைவு. ஸ்பெக்ட்ரா என்று ஒன்று, மெல்லியது, வழுவழுப்பானது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். குடை விரியும்போது ஸ்லைடர் என்கிற சதுரத் துணி கயிறுகளின் வழியாகச் சரசரவென்று கீழே இறங்கும். அதன் வளையங்கள் உரசுகிற சூட்டில் இந்த ஸ்பெக்ட்ரா சுருங்கிவிடும். வெக்ட்ரான் நீளவும் நீளாது, சுருங்கவும் சுருங்காது. ஆனால் வெயில் ஆகாது, தேய்ந்து பிசிறு பிசிறாக நிற்கும். இன்னொன்று உண்டு, பெயர் என் வாயில் நுழையாது. அது பிசிறுகூடக் காட்டாமல் ஒருநாள் படக்கென்று அறுந்துவிடுமாம். அப்படியானால் எதுதான் சார் நல்லது என்று நான் கேட்டேன். எல்லாமே நல்லதுதான், எது எப்படிக் கெடும் என்று தெரிந்தால் போதும் என்றார். எனக்குத் தலை சுற்றியது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும், நீள்றது எது, சுருங்குறது எது என்று என்னிடமே கேட்டாள்.

போன மாசியில் பிரீத்திக்கு ஒரு சிறிய குடை கொடுப்பது என்று முடிவானது. யாரோ வெளிநாட்டுக்காரர் பயன்படுத்திவிட்டு விற்றது. எந்தக் கயிறு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று சொல்லும் அளவுத் தாள் அதோடு வரவில்லை. விரித்துப் பார்த்தால், பிரேக் கயிறு இரண்டில் இடது பக்கத்தது வலதைவிட நாலு விரற்கடை நீளம். இந்த இரண்டு கயிறுகளை இழுத்துத்தான் குடையைத் திருப்புவார்கள். தரை நெருங்கும்போது வேகத்தைக் குறைப்பதும் இவற்றை வைத்துத்தான். இரண்டையும் சமமாக்கச் சொல்லிவிட்டு சார் சூரமங்கலம் போய்விட்டார், ரயிலில் யாரோ வருகிறார்கள் என்று.

அக்கா தறிக்காரி. பாவில் ஓர் இழை தொய்ந்தால், தொய்ந்ததுதான் குற்றவாளி. அதை இழுத்துச் சரிசெய்வார்கள். விறைப்பாக நிற்கிற இழையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், தறியில் எந்த இழையும் தானாகக் கட்டையாகாது. குடையின் மற்ற கயிறுகள் டாக்ரான். ஒரு பாவு முழுக்க ஒரே நூல்தானே இருக்கும், அதனால் பிரேக் கயிறும் அதுதான் என்று முடிவுகட்டினாள். கொஞ்சம் மெல்லிதாக இருந்தது. செம்மண் ஏறி நிறமே தெரியவில்லை. ஆள் பாரம் இந்தக் கயிற்றில் விழாது, அதனால் மெல்லிதாகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நீண்டதை வெட்டிக் கட்டையாக இருந்ததோடு சமமாக்கித் தைத்துவிட்டாள். முனை பிரியாமல் இருக்கத் தீக்குச்சியால் பொசுக்கியபோது மெழுகுவத்தி வாசம் வந்ததாம். இப்படி வராதே என்று ஒரு கணம் தோன்றியிருக்கிறது. அதையும் யோசித்து யோசித்து விட்டுவிட்டாள். சார் திரும்பி வந்து இரண்டையும் பிடித்துப் பார்த்தார். சமமாக இருந்தது. சரி என்றார். சமமாக இருக்கிற இரண்டைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை காலை பிரீத்தி அந்தக் குடையை முதுகில் மாட்டிக்கொண்டு விமானம் ஏறினாள். அக்கா வழக்கம்போலக் கூடாரத்துக்குள் போனாள். சும்மா இருக்க முடியாமல், வெட்டிப்போட்ட கயிற்றுத் துண்டை எடுத்து மண் போக அலசலாம் என்று வாளியில் போட்டாள். பை வாய் கட்ட உதவும் என்று நினைத்தாளாம். துண்டு மிதந்தது. உள்ளே காற்று இருக்கும் என்று பிழிந்து அமுக்கினாள். கையை எடுத்ததும் மேலே வந்தது. மறுபடி அமுக்கினாள், மறுபடி வந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன விளையாட்டு இது என்று நினைத்தேன்.

பிறகு அவள் ஓடினாள். அவள் ஓடி அன்றுதான் பார்த்தேன். ஈரத் துண்டோடு போய், வயர்லெஸ் பக்கத்தில் நின்றிருந்த சாரின் கையைப் பிடித்துவிட்டாள்.

"சார், எம்புள்ளைய குதிக்க வேண்டாம்னு சொல்லுங்க."

பயமா என்று சார் கேட்டார். ஒவ்வொரு தாயும் சொல்வதுதானே என்கிற முகம் அவருக்கு.

"நான் தப்பா வெட்டிட்டனோ என்னமோங்க. அது நீண்டுச்சா, இது சுருங்குச்சான்னு எனக்கு ஒண்ணும் புரியலீங்க. இது மெதக்குதுங்க சார்."

சார் துண்டை வாங்கி விரலில் உருட்டினார். முகம் மாறியது. வயர்லெஸ்ஸை எடுத்து விமானியிடம் பேசினார்.

மற்றவர்களின் குடைகள் ஒவ்வொன்றாக விரிந்து இறங்கின. பிரீத்தியின் நீலக் குடையைக் காணோம். சேதி சரியாகப் போய்ச் சேர்ந்ததா, இல்லை அதற்குள் அவள் குதித்துவிட்டாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா அன்று தரையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள், விமானம் ஓடுதளத்தில் இறங்கிக் கதவு திறக்கும்வரை. பிரீத்தி மூட்டையைச் சுமந்துகொண்டு இறங்கினாள், முகம் கடுகடுவென்று. எல்லோர் முன்னாலும் அவமானம் அவளுக்கு. அம்மாவைத் தாண்டிப் போய்விட்டாள்.

சார் குடையைப் புல்லில் விரித்து, கயிறுகளை இழுத்துக் கட்டிப் பார்த்தார். பிரேக் கைப்பிடியை முழுக்க விட்ட பிறகும் குடையின் பின் ஓரம் கீழே இழுபட்டே நின்றது. பிரேக் கயிறு இரண்டும் ஸ்பெக்ட்ரா, வலது கயிறு சூட்டில் சுருங்கியிருந்தது. அக்கா நல்லதையும் வெட்டிக் கெட்டதோடு சேர்த்திருந்தாள். வேகத்தைக் குறைக்கலாம் என்று தரைக்குப் பக்கத்தில் இழுத்திருந்தால் குடை காற்றை விட்டுவிட்டு அவளைத் தொப்பென்று கீழே போட்டிருக்கும் என்றார் சார். தானும் சரியாகப் பார்க்கவில்லை என்று அவரே சொன்னார். யாரும் அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் இருவரையும் ஜீப்பில் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஏரிக்கரை தாண்டும்போது பிரீத்தி சன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"நீ வாய தொறக்காம இருந்திருந்தா, நீ வெட்டுனது தப்புன்னு ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா."

"ஆமா சாமி," என்றாள் அக்கா. "உனக்கும் தெரிஞ்சிருக்காது."

பிரீத்தி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவே இல்லை. இறங்கும்போதுதான் கேட்டாள், புதுசாக எந்தக் கயிறு போடப்போகிறாய் என்று. அக்கா வழக்கம்போல யோசித்தாள். தெரியலை சாமி, நாளைக்குச் சாரைக் கேட்டுத்தான் போடணும் என்றாள். எனக்கு அன்றைக்கு எரிச்சல் வரவில்லை.